அமினோ அமிலங்களுக்கு உடலில் என்ன வேலை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் காட்டிய அட்டவணையில் டிரிப்டோபேன் தூக்கத்துக்கு, ஆர்ஜினின் இரத்த ஓட்டத்துக்கு, குளூட்டமின் குடலுக்கு, லியூசின் தசைக்கு என்று வரிசையாக எழுதியிருந்தது. அது சரியா, சரியென்றால் உங்களுக்கு எது குறைகிறது என்று இரத்தப் பரிசோதனையில் பார்த்து அதை மட்டும் பொடியாக வாங்கிச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அமினோ அமிலங்கள் உடலில் என்ன செய்கின்றன என்பது ஒரு கேள்வி. தனித்தனியாக எடுத்துக்கொண்டால் அந்த வேலை கூடுதலாக நடக்குமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குப் பாடநூல்களில் உறுதியான விடை இருக்கிறது. இரண்டாவதற்கான விடை பெரும்பாலும் 'இல்லை', சில இடங்களில் 'ஒருவேளை'. உயிர்வேதியியலை இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தும், மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் இரத்த மாதிரிகளைப் பார்த்தும் வந்தவன் என்ற முறையில் இரண்டையும் விளக்க முயல்கிறேன்.

அமினோ அமிலம் என்பது நடுவில் ஒரு கார்பன் அணுவும் அதைச் சுற்றி நான்கு கைகளும் கொண்ட சிறிய மூலக்கூறு. ஒரு கையில் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி, இன்னொன்றில் அமிலத் தொகுதி, மூன்றாவதில் ஒரு ஹைட்ரஜன். இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது. நான்காவது கையில் தொங்கும் பக்கச் சங்கிலிதான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கிறது. கிளைசினுக்கு அந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன், டிரிப்டோபேனுக்கு இரட்டை வளையம் கொண்ட பெரிய தொகுதி, லைசினுக்கு நேர்மின்சுமை, குளூட்டமேட்டுக்கு எதிர்மின்சுமை, லியூசின், வாலின் போன்றவற்றுக்கு நீரை ஒதுக்கும் கொழுப்புத் தன்மை. நம் மரபணுக்கள் இவற்றில் 20 வகைகளைக் கொண்டு புரதங்களைக் கட்டுகின்றன. செலினியம் கலந்த செலினோசிஸ்டீனையும் சேர்த்தால் 21 என்று சொல்ல வேண்டும். ஆனால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சில புரதங்களில் மட்டுமே வருகிறது.

புரதத்தைக் கட்டுவதுதான் முதல் வேலை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் 'செங்கல்' என்ற உவமையை நான் வகுப்பில் பயன்படுத்துவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. செங்கற்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும்; எதை எங்கே வைத்தாலும் சுவர் நிற்கும். அமினோ அமிலங்கள் எழுத்துகளைப் போன்றவை. ஓரெழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளூட்டமேட்டுக்குப் பதிலாக வாலின் வந்து உட்கார்ந்தால், ஆக்சிஜன் குறைந்த இடங்களில் அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு இழுத்துவிடுகின்றன. அந்தச் சங்கிலியில் உள்ள 146 அமினோ அமிலங்களில் மாறியது ஒன்றே ஒன்று. அதேபோல் கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருப்பதற்குக் காரணம், மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும்போது நடுவில் கிடைக்கும் குறுகிய இடத்தில் அதைத் தவிர வேறு எதுவும் நுழையாது என்பதே. தலைமுடி தீயில் பொசுங்கும்போது வரும் நாற்றம் எல்லோருக்கும் தெரியும். அதில் பெரும்பங்கு சிஸ்டீனில் உள்ள கந்தகத்துடையது. முடியின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிவைத்திருப்பது அந்தக் கந்தகங்களுக்கு இடையிலான பிணைப்புதான்.

இந்த 20-இல் ஒன்பதை நம் உடலால் செய்துகொள்ள முடியாது: ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், பினைல்அலனின், திரியோனின், டிரிப்டோபேன், வாலின். இவற்றை 'இன்றியமையாதவை' என்கிறோம். இந்தச் சொல் பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. மற்ற பதினொன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவை மிக அவசியமானவை என்பதால்தான் உடல் அவற்றைப் பிறர் தயவுக்கு விடாமல் தானே செய்துகொள்ளும் திறனை வைத்திருக்கிறது என்று கூட வாதிடலாம். பட்டியலும் ஒரே நாளில் உருவானதில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் என்பவர் எலிகளுக்குப் புரதமே இல்லாமல், அதுவரை அறியப்பட்ட அமினோ அமிலங்களைத் தூய நிலையில் கலந்து கொடுத்தார், எலிகள் வளரவில்லை. பால் புரதமான கேசீனில் ஏதோ ஒன்று இருக்கிறது, தம் கலவையில் அது இல்லை என்ற முடிவுக்கு வந்து, தேடி எடுத்ததுதான் திரியோனின், ஆண்டு 1935. பின்னர் அவர் மாணவத் தன்னார்வலர்களைக் கொண்டு மனிதர்களிடமும் இதே சோதனையைச் செய்து, பெரியவர்களுக்கு எட்டு போதும் என்றார். ஹிஸ்டிடின் இல்லாமலும் அவர்கள் சில காலம் நன்றாகவே இருந்தது அவரை அப்படி எண்ண வைத்தது. நீண்ட காலம் கவனித்தபோது அதுவும் தேவை என்பது பிறகு தெளிவானது.

பொடி வாங்க நினைக்கும் எவரும் முதலில் அறிய வேண்டியது, உடலில் அமினோ அமிலங்களுக்குச் சேமிப்புக் கிடங்கு கிடையாது என்பதைத்தான். சர்க்கரைக்குக் கிளைகோஜன் உண்டு, கொழுப்புக்குக் கொழுப்புத் திசு உண்டு. மிகுந்த அமினோ அமிலத்தை எடுத்துவைக்க அப்படியோர் இடம் இல்லை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது. அதில் நாள்தோறும் ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் உடைந்து, அவ்வளவே மறுபடியும் கட்டப்படுகிறது. உணவிலிருந்து வருவது இதில் கால்வாசி அல்லது மூன்றில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் உடலே தன்னைப் பிரித்து எடுத்துக்கொள்வது. உறைந்து நிற்கும் சுவரைவிட ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றுக்கே உடல் புரதம் அதிகம் ஒத்தது. ஒரு புரதத்தைக் கட்டும்போது தேவையான அமிலங்களில் ஒன்று கிடைக்காவிட்டால் வேலை அங்கேயே தடைபடும். மற்றவை எவ்வளவு மிகுதியாக இருந்தாலும் அவற்றைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப முடியாது. மிஞ்சியவை எரிபொருளாகப் போகும். தானியப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பு வகைகளில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடும். ஒரே வேளையில் சேர்த்துத்தான் உண்ண வேண்டும் என்று முன்பு சொன்னார்கள். ஒரு நாளுக்குள் இரண்டும் போய்ச் சேர்ந்தால் போதும் என்பதே இப்போதைய கருத்து. தேவை எவ்வளவு என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அளவு, பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். அதற்குள் லைசின் 1.8 கிராம், லியூசின் 2.3 கிராம், டிரிப்டோபேன் கால் கிராமுக்கும் குறைவு.

இனி உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். அதில் எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் ஒரு அமிலத்துக்கு ஒரு வேலை என்று எழுதியிருப்பதில்தான் பிழை. வேலை அமிலத்திடம் இல்லை. அது எந்தச் செல்லுக்குள் நுழைகிறது, அங்கே எந்த நொதி காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. டைரோசினை எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்பியில் புரதச் சங்கிலியில் கோத்த நிலையிலேயே அதன் மீது அயோடின் ஏற்றப்பட்டுத் தைராக்சின் ஆகிறது. தோலில் நிறமிச் செல்லுக்குள் போனால் மெலனின் ஆகிறது. மூளையின் சில நரம்புச் செல்களில் செய்தி கடத்தும் டோபமின். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் இன்னும் இரண்டு படிகள் தாண்டி அட்ரினலின். கல்லீரலில் அதே டைரோசின் உடைந்து எரிபொருளாகிவிடும். ஒரே மூலக்கூறு, ஐந்து முகவரிகள். எந்த முகவரிக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை முடிவு செய்வது நொதிகளும் அவற்றைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களும்தான். நீங்கள் விழுங்கும் அளவு அந்த முடிவில் பெரும்பாலும் பங்குபெறுவதில்லை.

டிரிப்டோபேனும் இப்படித்தான். அதிலிருந்து மூளையில் செய்தி கடத்தும் செரடோனினும், செரடோனினிலிருந்து தூக்கத்தோடு தொடர்புள்ள மெலடோனினும் உண்டாகின்றன என்பது உறுதி. ஆனால் உணவில் வரும் டிரிப்டோபேனில் மிகச் சிறிய பங்குதான் அந்த வழியில் போகிறது. பெரும்பகுதி கல்லீரலில் வேறொரு பாதையில் உடைகிறது. அந்தப் பாதையின் ஒரு கிளையில்தான் நியாசின் வைட்டமின் உண்டாகிறது, 60 மில்லிகிராம் டிரிப்டோபேனுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில். மூளைக்குள் நுழைவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பில் டிரிப்டோபேன், லியூசின், ஐசோலியூசின், வாலின், டைரோசின், பினைல்அலனின் எல்லாம் ஒரே வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். புரதம் மிகுந்த சாப்பாட்டில் மற்றவை கூட்டமாக வரும், டிரிப்டோபேன் எண்ணிக்கையில் மிகக் குறைவு; ஆகவே அது பின்னுக்குத் தள்ளப்படும். 'டிரிப்டோபேன் நிறைந்த உணவைச் சாப்பிட்டால் தூக்கம் வரும்' என்ற பேச்சு இந்த வாசலைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹிஸ்டிடினிலிருந்து ஒவ்வாமையில் அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் வருகிறது. ஹீமோகுளோபினுக்குள் இரும்பைப் பிடித்துக்கொண்டிருப்பதும் ஹிஸ்டிடின்தான். குளூட்டமேட் மூளையில் நரம்பைத் தூண்டும் முதன்மைச் செய்தியாளர். அதிலிருந்து ஒரு கார்பன் டைஆக்சைடு நீங்கினால் கிடைக்கும் காபா நேர்மாறாக நரம்பை அடக்குகிறது. ஆர்ஜினினிலிருந்து இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. உடலில் அந்த வாயு செய்தி கடத்துகிறது என்று கண்டறிந்ததற்காக 1998-இல் மூவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மெத்தியோனின், உடல் முழுவதும் மெத்தில் தொகுதிகளை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு துண்டுகளை) வழங்கும் மூலக்கூறாக மாறுகிறது. கிளைசின், குளூட்டமேட், சிஸ்டீன் மூன்றும் சேர்ந்த குளூட்டாத்தியோன், செல்லை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கிறது. பாரசிட்டமால் அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். கல்லீரலில் தீர்ந்துபோன குளூட்டாத்தியோனை அது மீட்டுத் தருகிறது. ஓர் அமினோ அமிலத்தைக் கொடுத்து ஓர் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடங்களில் அது ஒன்று.

எந்த அட்டவணையும் சரியாகக் காட்டாத பணி ஒன்று இருக்கிறது: நைட்ரஜனைச் சுமப்பது. அமினோ அமிலத்தை எரிபொருளாக்கும்போது அதன் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிவரும். மூளைக்கு அது நஞ்சு. ஆகவே தசையும் மற்ற உறுப்புகளும் அதை அப்படியே இரத்தத்தில் விடாமல் குளூட்டமின், அலனின் என்ற இரண்டு வண்டிகளில் ஏற்றி அனுப்புகின்றன. அலனின் கல்லீரலுக்குப் போய்ச் சர்க்கரையாக மாறுகிறது. நைட்ரஜன் அங்கே யூரியாவாகிறது. யூரியாவை உண்டாக்கும் இந்தச் சுழற்சியை 1932-இல் கிரெப்ஸும் ஹென்சிலைட்டும் கண்டுபிடித்தார்கள். அதில் சுழலும் ஆர்னிதினும் சிட்ருலினும் அமினோ அமிலங்களே ஆனாலும் எந்தப் புரதத்துக்கான மரபணு எழுத்திலும் இடம்பெறாதவை. குளூட்டமின் குடல் செல்களுக்கு எரிபொருளாகிறது. சிறுநீரகத்தில் அம்மோனியாவை விடுவித்து, உடலில் மிகுந்த அமிலத்தை வெளியேற்ற உதவுகிறது. இரத்தத்தில் மிகுதியாகச் சுற்றும் அமினோ அமிலம் இதுவே என்பதன் காரணம் இந்தப் போக்குவரத்துத்தான். ஆய்வகத்தில் இதன் விளைவை நேரடியாகப் பார்க்கலாம். அம்மோனியா அளவுக்கான இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்பச் சொல்வோம். சாதாரணக் குழாயில் மேசை மீது ஒரு மணி நேரம் கிடந்தால் குழாய்க்குள்ளேயே குளூட்டமினும் பிறவும் உடைந்து அம்மோனியா ஏறிவிடும். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு மயக்கத்தில் கிடப்பவருக்குரிய எண் வந்ததைக் கண்டு பதறி, விசாரித்தால் மாதிரி மதிய உணவு நேரம் முழுக்க வரவேற்பு மேசையில் இருந்தது தெரியவந்த அனுபவம் எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை உண்டு.

ஒரே ஓர் அமிலம் அதன் பாதையில் தடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு மிகத் தெளிவான சான்று. பினைல்அலனினை டைரோசினாக மாற்றும் நொதி கல்லீரலில் செயல்படாததால் பினைல்அலனின் இரத்தத்தில் தேங்குகிறது. நான் மேலே சொன்ன மூளை வாசலில் அதுவே கூட்டமாக நின்று மற்றவற்றை உள்ளே விடாமல் செய்கிறது. கவனிக்காவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. 1934-இல் நார்வேயின் பொலிங் என்ற மருத்துவர், அறிவு வளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளின் சிறுநீரில் பெர்ரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது பச்சையாக மாறியதிலிருந்து இந்த நோயைக் கண்டார். இன்று பல நாடுகளில் பிறந்த சில நாள்களுக்குள் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து வடிதாளில் உலரவைத்துப் பார்க்கிறார்கள். பினைல்அலனினைக் குறைத்த உணவில் வளர்ந்தால் அந்தக் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். இனிப்பூட்டியான அஸ்பார்டேமில் பினைல்அலனின் இருப்பதால்தான் அதன் பொதிகளில் இந்நோய் உள்ளவர்களுக்கான எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. மற்றவர்களுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது. கவனியுங்கள், இந்தக் குழந்தைகளுக்குப் பினைல்அலனின் மிகுதியே கேடு, டைரோசினோ உணவிலிருந்தே வர வேண்டிய இன்றியமையாத அமிலமாகிவிடுகிறது. பட்டியல்கள் எல்லோருக்கும் ஒன்றல்ல.

இப்போது பொடிகள். லியூசின் தசைச் செல்லில் புரதம் கட்டும் இயந்திரத்தை முடுக்கிவிடும் சைகையாகவும் செயல்படுகிறது என்பது உறுதியாக நிறுவப்பட்டது. ஆனால் சாவி திருகினால் மட்டும் வண்டி ஓடாது. கட்டுவதற்கு மற்ற எட்டு இன்றியமையாத அமிலங்களும் வேண்டும். லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றை மட்டும் அடைத்து விற்கும் பொடி, போதிய புரதம் உண்பவரின் தசையை மேலும் வளர்க்கும் என்பதற்கான சான்று பலவீனமானது. பளுதூக்கிப் பயிற்சி செய்வோரிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவுக்கு மேல் புரதம் சேர்த்தும் தசை வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. குளூட்டமின் குடல் செல்லின் எரிபொருள் என்பது உண்மை. அதை நம்பித் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல உறுப்புகள் செயலிழந்த 1,223 நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2013-இல் வெளியானது. குளூட்டமின் பெற்ற குழுவில் இறப்பு கூடியிருந்தது. ஆர்ஜினின் கதையும் அப்படியே. மாரடைப்புக்குப் பின் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், எடுத்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், மற்ற குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு 2006-இல் முடிவு வெளியானது. நலமாக இருக்கும் ஒருவர் சில கிராம் எடுத்தால் இவையெல்லாம் நேரும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் வேறு நிலையில் இருந்தவர்கள். வேதியியல் பாதை சரியாக இருப்பதால் மட்டும் மருந்தாகவும் அது சரியாக இருக்கும் என்று முடிவு கட்ட முடியாது என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிட்டேன். தூய்மையும் ஒரு பிரச்சினை. 1989-இல் அமெரிக்காவில் டிரிப்டோபேன் மாத்திரை எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கடும் தசை வலியும் இரத்தத்தில் இயோசினோபில் என்ற வகை வெள்ளையணுக்களின் பெருக்கமும் ஏற்பட்டன, பலர் இறந்தார்கள். ஒரே ஒரு தயாரிப்பாளரிடமிருந்து வந்த சரக்கோடும் அதில் கலந்திருந்த மாசுகளோடும் அது தொடர்புபடுத்தப்பட்டது.

ஐயத்துக்கு இடமுள்ளவை என்று நான் வைப்பவை: உதட்டுக் கொப்புளத்துக்கு லைசின், தூக்கத்துக்கு டிரிப்டோபேன், மூட்டு வலிக்குக் கொலாஜன் பொடி. மூன்றுக்கும் ஆதரவாகச் சில ஆய்வுகள் உண்டு, எதிராகவும் உண்டு, பெரும்பாலானவை சிறியவை. கொலாஜனைப் பொறுத்தவரை, விழுங்கிய கொலாஜன் முழுதாக மூட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை என்பது மட்டும் உறுதி. குடலில் அது தனி அமிலங்களாகவும் இரண்டு மூன்று அமிலங்கள் கொண்ட துண்டுகளாகவும் உடைந்துதான் உள்ளே போகிறது. உங்களுக்குச் சிறுநீரகக் குறைபாடோ கல்லீரல் நோயோ இருந்தால், கர்ப்பமாக இருந்தால், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், நான் இங்கே சொன்ன எதையும் உங்களுக்கான அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிக்கைகளைக் கையில் வைத்துப் பார்க்கும் மருத்துவரிடம்தான் அதைக் கேட்க வேண்டும். குறிப்பாக டிரிப்டோபேன், செரடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்துகளோடு சேரும்போது ஆபத்தாகலாம்.

கடைசியாக, எது குறைகிறது என்று இரத்தத்தில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியொரு பரிசோதனை இருக்கிறது. பிறவி நோய்களைக் கண்டறிய நாங்கள் அதைச் செய்கிறோம். பழைய முறையில், தாளில் மாதிரியைப் பரவவிட்டு நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைத் தெளித்துச் சூடாக்கினால் ஒவ்வொரு அமிலமும் ஊதா நிறப் புள்ளியாக எழும், புரோலின் மட்டும் மஞ்சளாக. கையுறை போடாமல் தாளைத் தொட்ட மாணவரின் விரல் ரேகையும் வியர்வையில் உள்ள அமிலங்களால் அழகாக ஊதா நிறத்தில் தெரியும். ஆனால் அந்த எண்கள் உங்கள் உணவைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. முந்தைய இரவு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் பட்டினி இருந்தீர்கள், காலையில் ஓடிவிட்டு வந்தீர்களா என்பதற்கேற்ப அவை ஏறி இறங்கும்; உணவில் குறைந்தாலும் தசையை உடைத்தாவது உடல் இரத்த அளவைப் பெருமளவு தாங்கிப் பிடித்துவிடும். ஆகவே நலமாக இருக்கும் ஒருவர் இந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிவைத்து, அதில் புரதம் எவ்வளவு வந்தது, எத்தனை வகை மூலங்களிலிருந்து வந்தது என்று உணவியல் நிபுணர் ஒருவரிடம் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்; நீங்கள் தேடும் விடைக்கு அந்தக் கணக்கே கிட்டத்தில் இருக்கிறது.